ஒன்றரைக் கிலோவுக்குள் ஒரு பறவை லென்ஸ்

பறவைப் படத்துக்கு லென்ஸ் தேடுகிறவர்கள் எத்தனை மி.மீ. என்று கேட்கிறார்கள், விலை கேட்கிறார்கள். எடையைப் பற்றிய யோசனை பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் வருகிறது. சோனி 200-600 அருமையான லென்ஸ், 2,115 கிராம். ஏ7 வரிசை பாடி ஒன்றை மாட்டினால் இரண்டே முக்கால் கிலோ. கம்பியில் உட்கார்ந்திருக்கும் பஞ்சுருட்டான் எப்போது பூச்சியைத் துரத்திப் பாயும் என்று அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். தோள் நடுங்கும், கையை இறக்குவீர்கள், அந்த நொடியில்தான் அது பறக்கும். ட்ரைபாட் இல்லாமல் காலை முழுக்கக் கையில் வைத்திருக்கக்கூடிய, சுமார் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும் லென்ஸ்களை மட்டும் இங்கே பார்ப்போம்.

எடை எங்கிருந்து வருகிறது என்பது எளிய வகுத்தல் கணக்கு. லென்ஸின் குவிய நீளமான மி.மீ.யை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழையும் வாயின் அகலம் கிடைக்கும். 600 எஃப் 4 என்றால் 150 மி.மீ. வாய், சோனியின் அந்த லென்ஸ் 3,040 கிராம். 600 எஃப் 6.3 என்றால் 95 மி.மீ., 400 எஃப் 8 என்றால் வெறும் 50 மி.மீ. வாயைச் சுருக்குவது எடை குறைக்க ஒரு வழி. ஃப்ரெனல் வகைக் கண்ணாடி வைத்து நீளத்தையும் கண்ணாடிகளின் எண்ணிக்கையையும் குறைப்பது இன்னொரு வழி. சென்சாரையே சின்னதாக்குவது மூன்றாவது. மூன்றும் இலவசமில்லை. முதல் வழிக்கு வெளிச்சத்தையும், இரண்டாவதற்குப் பணத்தையும், மூன்றாவதற்கு உயர் ஐ.எஸ்.ஓ.வில் (ஒளி உணர்திறன் எண்) படத்தின் சுத்தத்தையும் விலையாகக் கொடுக்கிறோம்.

முதல் வழியின் சிறந்த உதாரணம் கேனன் ஆர்எஃப் 100-400 எஃப் 5.6-8. 2021-இல் வந்தது, 635 கிராம், 67 மி.மீ. ஃபில்டர். அமெரிக்காவில் அறிமுக விலை சுமார் 650 டாலர். ஆர்10 பாடியோடு (429 கிராம்) சேர்த்தாலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் எடைதான். ஃபோகஸ் மோட்டார் சத்தமில்லாமல் சட்டென்று பிடிக்கிறது. கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசர் ஐந்தரை ஸ்டாப் என்று கேனன் சொல்கிறது (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு அல்லது பாதி). உட்கார்ந்திருக்கும் பறவையை 1/125-இல் எடுத்தாலும், இருபது படத்தில் பாதிக்கு மேல் கூர்மையாக வரும்.

எஃப் 8 என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். கணக்கைப் பார்த்துவிட்டுச் சுளிக்கலாம். வெயில் சுள்ளென்று அடிக்கும்போது எஃப் 8, ஷட்டர் 1/3200 என்றால் ஐ.எஸ்.ஓ. 800 போதும், பஞ்சுருட்டான் பாய்வதையே எடுக்கலாம். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் விடிகாலையிலோ வெளிச்சம் மூன்று ஸ்டாப் குறைவு. அதே ஷட்டருக்கு ஐ.எஸ்.ஓ. 6400 ஆகிவிடும். எஃப் 5.6 லென்ஸ் வைத்திருப்பவர் 3200-இல் நிற்பார். வித்தியாசம் ஒரே ஒரு ஸ்டாப். இன்றைய இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் அந்த ஒரு ஸ்டாப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மி.மீ.யைக் கூட்டும் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் மாட்டினால் இது 560 எஃப் 11 ஆகி, அதே விடியலில் 12800 கேட்கும். இந்த லென்ஸுக்குக் கன்வர்ட்டர் வாங்குவது வீண். அதன் விலையில் பாதி லென்ஸுக்கு மேலேயே வந்துவிடும்.

400 மி.மீ. போதுமா என்பதற்கும் கணக்கு உண்டு. சிரல், அதாவது சிறுநீல மீன்கொத்தி, 16 செ.மீ. பறவை. பத்து மீட்டரில் 400 மி.மீ. லென்ஸ் அதைச் சென்சாரில் ஏறக்குறைய 6.7 மி.மீ. நீளத்துக்கு வரையும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் (36 மி.மீ. அகலச் சென்சார்) அது 1,100 பிக்சல். வாட்ஸ்அப்புக்குப் போதும், பெரிதாகப் பிரிண்ட் போடப் போதாது. அதே லென்ஸை 32.5 மெகாபிக்சல் ஆர்7-இல் மாட்டினால் 2,000 பிக்சலுக்கு மேல். ஆகவே இது ஆர்7, ஆர்10 போன்ற, ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன க்ராப் சென்சார் பாடிக்கான லென்ஸ். ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவர் இதை வாங்கினால் சின்னப் பறவைகளுக்கு ஏங்கிக்கொண்டே இருப்பார். ஆர்7, ஆர்10 இரண்டிலும் எலக்ட்ரானிக் ஷட்டரை நிறுத்திவிட்டு மெக்கானிக்கல் ஷட்டரில் எடுங்கள். சென்சார் மெதுவாகப் படிப்பதால், பறக்கும் பறவையின் சிறகு ரப்பர் போல வளைந்துவிடும். மெக்கானிக்கலிலேயே நொடிக்கு 15 படம் கிடைக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. தூசி, மழைக்கான சீல் இல்லை. ட்ரைபாட் வளையம் இல்லை. ஹூட் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும் (கேனன் இந்தக் கஞ்சத்தனத்தை எப்போது விடுமோ). ஜூம் செய்தால் குழல் வெளியே நீளும். புழுதிப் பாதையில் திரிபவர்கள் உள்ளே இழுப்பதற்கு முன் குழலைத் துடைப்பது நல்லது. எதிர்பாராத லாபம் ஒன்று: ஒரு மீட்டர் கிட்டத்திலேயே ஃபோகஸ் ஆகும், 0.41 மடங்கு உருப்பெருக்கம். பறவை வராத நேரத்தில் தும்பியும் பட்டாம்பூச்சியும் எடுக்கலாம்.

கேனனின் 600 எஃப் 11 (930 கிராம்) மலிவாகக் கிடைத்தாலும் பரிந்துரைக்க மனம் வரவில்லை. எஃப் 11-இலிருந்து மேலேயோ கீழேயோ போக வழியில்லை, நாலரை மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது, ஆர்5, ஆர்6 பாடிகளில் ஃபோகஸ் புள்ளிகள் நடுப்பகுதிக்குள்தான். குளத்தின் நடுவில் நிற்கும் கூழைக்கடாவுக்குச் சரி. புதருக்குள் தாவும் கதிர்க்குருவிக்கு ஆகாது.

இரண்டாவது வழிக்கு வருவோம். கலங்கரை விளக்குக்காக அகுஸ்தின் ஃப்ரெனல் கண்டுபிடித்த வட்ட வரிக் கண்ணாடியின் வம்சத்தில் வந்ததுதான் நிக்கானின் பிஎஃப் (ஃபேஸ் ஃப்ரெனல்). சாதாரணக் கண்ணாடி நிறங்களைப் பிரிக்கும் திசைக்கு நேர் எதிராக இது பிரிக்கும். இரண்டையும் சேர்த்தால் நிறப்பிசிறு ஒன்றையொன்று அடித்துவிடும். திருத்துவதற்கென்று கனமான கண்ணாடிகளை அடுக்க வேண்டியதில்லை. 2018-இல் வந்த 500 எஃப் 5.6 பிஎஃப் 1,460 கிராம். 2023-இல் நிக்கானின் மிரர்லெஸ் பாடிகளுக்கான இசட் மவுண்டுக்கு வந்த 600 எஃப் 6.3 பிஎஃப், ட்ரைபாட் வளையத்தைக் கழற்றினால் 1,390 கிராம், வளையத்தோடு 1,470. 600 மி.மீ. லென்ஸ் இந்த எடையில் என்பது பத்து வருடத்துக்கு முன் யாரும் நம்பியிருக்காத விஷயம்.

600 பிஎஃப் படக்கூர்மையில் குறை சொல்ல இடமில்லை. முழுத் திறப்பிலேயே இறகின் நுனி மயிர்வரை பிரித்துக் காட்டும். முன்பக்கம் கனமில்லாததால் பறக்கும் ஆலாவைத் தொடர்ந்து திருப்புவது எளிது. ஸ்டெபிலைசரை ஸ்போர்ட் நிலையில் வைத்தால் தொடரும்போது வ்யூஃபைண்டர் படம் குதிக்காது. ஃபோகஸ் எல்லை சுவிட்சைப் பத்து மீட்டருக்கு அப்பால் என்று வைத்துவிட்டால், முன்னால் ஆடும் நாணலுக்கு ஃபோகஸ் ஓடிப்போகும் தொல்லை குறையும். ஆனால் அந்த சுவிட்சைத் திருப்பிப் போட மறந்துவிட்டு, எட்டு மீட்டரில் வந்து உட்கார்ந்த மீன்கொத்தியைப் பிடிக்காமல் லென்ஸ் கெட்டுப்போச்சு என்று சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்களும் உண்டு.

பிஎஃப்பின் விலை இரண்டு இடத்தில் தெரியும். சூரியனோ விளக்கோ ஃப்ரேமுக்குள் அல்லது ஓரத்தில் இருந்தால் அதைச் சுற்றி வண்ண வளையமாக ஒரு பிசிறு வரும். நிக்கானின் என்எக்ஸ் ஸ்டூடியோ மென்பொருளில் இதைக் குறைக்கத் தனி வசதியே இருக்கிறது. எதிர்வெயிலில் தண்ணீர் மினுக்கும்போது பின்னணியின் ஒளிப்புள்ளிகள் வெங்காயத்தை வெட்டினதுபோல வளையம் வளையமாகத் தெரியலாம். சூரிய உதயத்தில் நிழலுருவம் எடுப்பதே உங்கள் பாணி என்றால் இது உங்கள் லென்ஸ் இல்லை.

இன்னொரு வரம்பு, கிட்டத்து ஃபோகஸ் நான்கு மீட்டர். மூன்று மீட்டரில் செம்பருத்திப் பூவில் தொங்கும் ஊதாத் தேன்சிட்டை எடுக்க நீங்கள் பின்னால் நகர வேண்டும். பால்கனியில் நிற்பவருக்குப் பின்னால் சுவர்தான்.

இங்கேதான் நிக்கானின் இன்னொரு லென்ஸ் குறுக்கே வருகிறது: இசட் 400 எஃப் 4.5. இதில் பிஎஃப் இல்லை, ஆகவே வளையப் பிசிறும் இல்லை. ட்ரைபாட் வளையத்தோடு 1,245 கிராம். 1.4 மடங்கு கன்வர்ட்டர் 220 கிராம். கூட்டினால் 1,465, கிடைப்பது 560 எஃப் 6.3. வளையத்தோடு 600 பிஎஃப் 1,470. எடை சமம், திறப்பு சமம், குறைவது 40 மி.மீ. கன்வர்ட்டரைக் கழற்றினால் மங்கிய வெளிச்சத்துக்கு எஃப் 4.5 கையில் இருக்கிறது, கிட்டத்து ஃபோகஸும் இரண்டரை மீட்டர். கன்வர்ட்டரோடு படம் கொஞ்சம் மென்மையாகும் என்பது உண்மை. ஆனாலும் மரநிழலும் குளக்கரையும் கலந்து நடப்பவருக்கு எங்கள் ஓட்டு இந்த ஜோடிக்கே. எப்போதும் தூரத்துப் பறவைதான், கன்வர்ட்டர் எப்போதும் மாட்டியே இருக்கும் என்றால் 600-ஐ வாங்குங்கள். வேடந்தாங்கலில் கரைமேல் நின்று ஏரிக்குள் மரங்களில் கூடு கட்டியிருக்கும் நத்தைகுத்தி நாரையை எடுப்பதற்கு அதுவே சரி.

கையில் பணம் குறைவு என்றால் பழைய 500 பிஎஃப்பைச் செகண்ட் ஹேண்டில் தேடலாம். டி500 (860 கிராம்) வைத்திருப்பவருக்கு அது இன்னமும் சிறந்த ஜோடி. ஆனால் டிஎஸ்எல்ஆரில் முன்-பின் ஃபோகஸ் பிழை உண்டா என்று பார்த்து பாடியின் மெனுவில் ஃபைன் ட்யூன் செய்ய வேண்டும். இசட் பாடியில் எஃப்டிஇசட் அடாப்டர் (இரண்டாம் பதிப்பு 125 கிராம்) வழியாக மாட்டினால் அந்த வேலை இல்லை. வாங்கும்முன் பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளை விரிந்திருந்தால் பூஞ்சை. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். சாய்த்துப் பார்க்கும்போது மெல்லிய வட்டக் கோடுகள் தெரிந்தால் பதற வேண்டாம், அதுதான் பிஎஃப் கண்ணாடி. ஆட்டினால் உள்ளே லேசாக டொக் டொக் என்பது பல லென்ஸ்களில் ஸ்டெபிலைசர் பகுதியின் சத்தம், பழுதில்லை.

சோனிக்காரர்களுக்கு சிக்மா 500 எஃப் 5.6 (2024, இ-மவுண்டில் 1,365 கிராம்) இருக்கிறது. பிஎஃப் இல்லாமலே இந்த எடை. ட்ரைபாட் வளையத்தின் காலில், ட்ரைபாட் தலையில் நேராகப் பொருந்தும் ஆர்கா பள்ளமும் வெட்டியே வருகிறது. நிக்கான் கால்களில் அது இல்லை, தகடு தனியாகத் திருக வேண்டும். சிக்மாவின் தடைக்கல் லென்ஸில் இல்லை, மவுண்டில்தான். சோனி பாடியில் பிற கம்பெனி லென்ஸுக்கு நொடிக்கு 15 படத்துக்குமேல் கிடையாது, டெலிகன்வர்ட்டரும் மாட்ட முடியாது. 500 மி.மீ. தான் எல்லை என்று ஒத்துக்கொண்டு வாங்குங்கள்.

மூன்றாவது வழியான சின்ன சென்சார், அதாவது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் பற்றிச் சுருக்கமாக. ஒலிம்பஸ் 300 எஃப் 4 வந்த 2016-இல், ஃபுல் ஃப்ரேமின் 600-க்கு இணையான கோணம் 1,270 கிராமில் என்பது பெரிய வாதம். இரண்டிலும் ட்ரைபாட் வளையத்தைக் கழற்றிவிட்டால், இன்று 600 பிஎஃப் அதைவிட 120 கிராம்தான் அதிகம். அதன் வாயும் 75-க்கு எதிராக 95 மி.மீ. ஒலிம்பஸுக்கு மிச்சமிருப்பது 1.4 மீட்டர் கிட்டத்து ஃபோகஸும் அசாத்திய ஸ்டெபிலைசரும். ஏற்கெனவே அந்தப் பாடி வைத்திருப்பவர் மாற வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர் எடைக்காக மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

கடையில் சோதிக்க உங்கள் சொந்த பாடியைக் கொண்டுபோங்கள். எதிர்ச்சாரியில் பதினைந்து, இருபது மீட்டரில் எழுத்துள்ள பெயர்ப் பலகை ஒன்றை, முழுத் திறப்பில், 1/2000-இல் பத்துப் பதினைந்து படம் எடுங்கள். எழுத்தை நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துத் தனித்தனியாக எடுத்து நூறு சதவீதத்தில் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. வேறு பெட்டி கேளுங்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளிருந்து எடுத்தால் எந்த லென்ஸும் தேறாது, வெளியே வந்து எடுங்கள். நூறு மீட்டர் தள்ளி மத்தியான வெயிலில் தார் ரோட்டுக்கு மேல் பார்த்து எடுத்துவிட்டு லென்ஸைத் திட்டுவதும் அதே கதைதான். கானல் அடிக்கும்போது 3 கிலோ லென்ஸும் கையை விரிக்கும்.

முன்னால் மாட்டும் யுவி ஃபில்டரைக் கடைக்காரர் நிச்சயம் நீட்டுவார். 500, 600 மி.மீ.யில் மலிவான ஃபில்டர் ஒன்றே போதும், லட்ச ரூபாய்க் கூர்மையைக் கெடுக்க. பாதுகாப்புக்கு ஹூட் போதும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையின் ஜிப்பைத் திறக்காமல் இருபது, முப்பது நிமிடம் விட்டால் கண்ணாடியில் பனி படியாது. நடக்கும்போது வாரைப் பாடியில் மாட்டாமல் லென்ஸ் வளையத்தின் காலில் மாட்டுங்கள். ஒன்றரைக் கிலோ மவுண்டில் தொங்காது. 635 கிராம் கேனனுக்கு மட்டும் பாடியின் வாரே போதும்.