கண்ணாடியில் ஒட்டிய பசை: தேங்காய் எண்ணெயா, மண்ணெண்ணெயா, நெயில் பாலிஷ் ரிமூவரா?

ஊறுகாய் தீர்ந்த பாட்டிலைக் கழுவி மிளகோ பெருங்காயமோ போட்டு வைக்கலாமென்று எடுத்தால், லேபிள் பாதி கையோடு வரும், மீதி வெள்ளையாக நார்நாராக அங்கேயே நிற்கும். பழைய கார் வாங்கினால் பின்கண்ணாடியில் முந்தைய ஓனரின் குலதெய்வம் ரேடியம் ஸ்டிக்கராக உட்கார்ந்திருக்கும். பீரோக் கண்ணாடி ஓரமாக வரிசை கட்டி நிற்கிற ஸ்டிக்கர் பொட்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதற்கெல்லாம் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருப்பார்கள். அம்மா தேங்காய் எண்ணெய் என்பார், மெக்கானிக் மண்ணெண்ணெய் என்பார், கல்லூரிக்குப் போகிற தங்கை நெயில் பாலிஷ் ரிமூவரை நீட்டுவாள், யூடியூபைத் திறந்தால் வினிகரும் ஆப்ப சோடாவும். எல்லோருமே ஏதோ ஓரிடத்தில் வேலை செய்ததால்தான் சொல்கிறார்கள் (வினிகர் தவிர, அதற்கு அப்புறம் வருகிறேன்). அது எந்த இடம் என்பதைத்தான் சொல்ல மாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் நிம்மதியாக இருக்கலாம். இந்தத் திரவங்கள் எதனாலும் வெறும் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. எண்ணெய், மண்ணெண்ணெய், அசிட்டோன், தின்னர் எதுவும் கண்ணாடிக்குள் இறங்காது, அதைக் கரைக்கவும் செய்யாது. அடி வாங்குவதெல்லாம் பக்கத்தில் இருப்பவைதான்: காரின் டேஷ்போர்டு, ரப்பர் பீடிங், பெயின்ட், முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பக்கப் பூச்சு, ஜன்னல் சட்டத்தின் வார்னிஷ். ஆகவே எது பவர் அதிகம் என்று பார்ப்பதைவிட, வழிந்தால் எங்கே போய் விழும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம். அடுத்தது, ஸ்டிக்கரின் மேல்தாள் காகிதமா, பிளாஸ்டிக்கா என்பது. காகிதம் என்றால் திரவம் ஊறி உள்ளே போகும். பிளாஸ்டிக் மேல் எத்தனை எண்ணெய் தடவினாலும் அது பசை வரை போகவே போகாது. ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன், ஒரு இம்மி நகரவில்லை என்று புலம்புகிறவர்கள் வினைல் மேலேயே எண்ணெயை ஊற்றிவிட்டுக் காத்திருந்தவர்களாகத்தான் இருப்பார்கள். மேல்தாளை உரித்துவிட்டு, இல்லாவிட்டால் பிளேடால் நாலு கீறாவது கீறிவிட்டுத்தான் தடவ வேண்டும்.

உரிப்பதற்குச் சூட்டை மிஞ்சி எதுவும் கிடையாது. பசை சூடானால் இளகும், ஸ்டிக்கர் கிழியாமல் முழுசாக வரும், அப்படி முழுசாக வந்துவிட்டால் கண்ணாடியில் தங்குகிற பசையும் குறைவு. ஹேர் டிரையர் இருந்தால் சரி, இல்லாவிட்டால் நம்ம ஊர் மதிய வெயில் எதற்கு இருக்கிறது, காரை ஒரு மணி நேரம் பின்கண்ணாடி வெயிலைப் பார்த்தபடி நிறுத்தினால் போதும். ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, மேலே தூக்கி இழுக்காமல் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுக்க வேண்டும், வேகமாக இழுத்தால் தாள் மட்டும் கையில் வரும். பாட்டிலுக்கு டிரையரே வேண்டாம். உள்ளே சூடான தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் உள்பக்கத்திலிருந்தே பசை இளகிவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், சாதாரண பாட்டில் கண்ணாடி திடீர்ச் சூடு தாங்காது, கையிலேயே விரிசல் விடும். முதலில் வெதுவெதுப்பாக ஊற்றி, கொட்டிவிட்டு, அப்புறம் சூடாக. இதே காரணத்துக்காகத்தான் வெயிலில் காய்ந்த கார் கண்ணாடி மேல் ஃபிரிட்ஜ் தண்ணீரைக் கொட்டக் கூடாது. சில பாட்டில்களின் லேபிள் கஞ்சி மாதிரியான, தண்ணீரில் கரையும் பசையில் ஒட்டியிருக்கும், பீர் பாட்டில்களில் இது சகஜம். அவற்றுக்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை, வாளியில் அரை மணி நேரம் போட்டால் லேபிள் தானாக மிதக்கும்.

சரி, தாள் போய்விட்டது, பிசுக்கு நிற்கிறது. இனிமேல்தான் போட்டி.

தேங்காய் எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் வேலை செய்கிற விதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டுமே எண்ணெய்ப் பசை உள்ளவை, ரப்பர் வகைப் பசைக்குள் புகுந்து அதை ஊதவைத்து, கண்ணாடியிலிருந்து கிளப்பிவிடும். வித்தியாசம் வேகத்தில். தேங்காய் எண்ணெய் கெட்டியானது, மெதுவாகத்தான் புகும், அரை மணி நேரமாவது விட வேண்டும், பழைய பசையென்றால் ராத்திரி முழுக்க. மண்ணெண்ணெய் பத்து நிமிடத்தில் அதே வேலையை முடித்துவிடும். தேய்க்கும்போது வித்தியாசத்தை விரலிலேயே உணரலாம்: தேங்காய் எண்ணெயில் பசை அழுக்கு நிறத்தில் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு வரும், மண்ணெண்ணெயில் கூழாகித் துணியிலேயே ஏறிவிடும். வெறும் வேகத்தைப் பார்த்தால் மண்ணெண்ணெய்க்குத்தான் என் ஓட்டு. ஆனால் சாப்பாட்டுப் பொருள் போடுகிற பாட்டிலுக்கு அதை வேண்டவே வேண்டாம் என்பேன். மூடியின் ரப்பரிலோ விளிம்பிலோ ஒரு சொட்டு பட்டால் வாடை போகாது, பிறகு அந்த வீட்டு ரசத்தில் மண்ணெண்ணெய் மணக்கிறது என்று ஊரே பேசும். இன்னொரு சிக்கல், இப்போது எத்தனை வீட்டில் மண்ணெண்ணெய் இருக்கிறது? அதற்காக அலைவதற்கு, வீட்டில் பாட்டில் பாட்டிலாக இருக்கிற தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். எந்த எண்ணெயானாலும் சரிதான், நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ தடவினாலும் இதே கதை. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தால் லேசாகச் சுட வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மண்ணெண்ணெய் இல்லையென்று பெட்ரோலை எடுக்கிறவர்கள் உண்டு. வேண்டாம். மண்ணெண்ணெயின் ஆவி தீப்பிடிக்க ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும், பெட்ரோலுக்குப் பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேகூடப் போதும். அடுப்பு எரிகிற வீட்டுக்குள் அந்தத் துணியோடு நிற்பதைப் போன்ற அசட்டுத்தனம் வேறில்லை.

நெயில் பாலிஷ் ரிமூவரும், ஸ்பிரிட் கலந்த சானிடைசரும் வேறு ஜாதி. இவை எண்ணெய் மாதிரி ஊறிக் கிளப்புவதில்லை, அக்ரிலிக் வகைப் பசையை இளக்கிக் குழைத்துவிடும். இன்றைக்கு வருகிற பிளாஸ்டிக் ஸ்டிக்கர்களில் அக்ரிலிக் பசை நிறைய. ஆகவே எண்ணெய் தோற்ற இடத்தில் இவை ஜெயிப்பது சாதாரணம், மறுபக்கமும் உண்மை. உங்கள் ஸ்டிக்கரில் இருப்பது எந்தப் பசை என்று பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடியாது, ஓரத்தில் ஒன்றைத் தடவிப் பார்த்து நகரவில்லையென்றால் மற்றதுக்குப் போக வேண்டியதுதான்.

ரிமூவரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதில் உள்ள அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு, நம்ம வெயிலில் பஞ்சில் நனைத்துக் கண்ணாடிக்குக் கொண்டு போவதற்குள் பாதி காற்றில் போய்விடும். தேய்க்கத் தேய்க்கக் காய்ந்துகொண்டே இருப்பதால் பசை இளகுவதற்கும் திரும்ப இறுகுவதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முழுக்க இழுபடும். பஞ்சைப் பசை மேல் வைத்து, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கவர் துண்டை மூடி இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால், அப்புறம் ஒரே வழிப்பில் வரும். 'அசிட்டோன் இல்லாதது' என்று போட்டு விற்கிற ரிமூவரும் இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் சோம்பலாக. சானிடைசரில் தண்ணீர் மாதிரி ஸ்பிரேயாக வருவதை எடுங்கள். ஜெல் வகையில் கெட்டியாக்குவதற்குச் சேர்த்தது கண்ணாடியில் தங்கி, ஒரு பிசுக்கைப் போக்கி இன்னொரு பிசுக்கைக் கொடுக்கும். கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்த ஸ்பிரே பாட்டில் அலமாரியில் இன்னும் கிடந்தால் அதற்கு இதைவிட நல்ல உபயோகம் கிடைக்காது. பவரில் ரிமூவர் ஒரு படி மேல், ஆனால் காருக்குள் நான் சானிடைசரைத்தான் எடுப்பேன். அசிட்டோன் ஒரு சொட்டு டேஷ்போர்டில் விழுந்தால் அந்த இடம் வெளுத்துக் குழைந்துவிடும், திரும்பச் சரி செய்ய முடியாது. மூக்குக்கண்ணாடி லென்ஸில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கும் ரிமூவரைக் கொண்டு போகாதீர்கள், இப்போதைய லென்ஸெல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக்.

நீலகிரித் தைலத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஊட்டிக்குப் போய் வந்தவர்கள் கொடுத்த சின்ன பாட்டில் எந்த வீட்டிலும் இருக்கும். எண்ணெய் மாதிரி புகும், ஸ்பிரிட் மாதிரி ஆவியாகும், கடைசியில் பிசுக்கும் அதிகம் விடாது. விலைதான் கட்டுப்படியாகாது, ஆகவே காசு அளவு கறைக்கு மட்டும். டபிள்யூ.டி.40 ஸ்பிரேயும் நன்றாக வேலை செய்யும், ஆனால் அதில் பெரும்பகுதி மண்ணெண்ணெய்க்குச் சொந்தக்காரச் சரக்குதான், ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அடியுங்கள், இதற்காகப் போய் வாங்க வேண்டாம்.

இனி வினிகர். பசை அமிலத்தில் கரையாது. வினிகர் தடவியதும் காகித லேபிள் ஊறி வருகிறதென்றால், அது வினிகரில் இருக்கும் தண்ணீரின் வேலை, குழாய்த் தண்ணீருக்கும் அதே பலன் உண்டு. போர் தண்ணீர் காய்ந்து கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும் உப்புக் கறைக்கு வினிகர் அருமையான மருந்து, அந்தப் பேர் பசைக்கும் ஒட்டிக்கொண்டது. எலுமிச்சைச் சாறும் அப்படித்தான். ஆனால் எலுமிச்சை, ஆரஞ்சு தோலைப் பிழிந்தால் பீச்சுமே ஒரு எண்ணெய், அது பசையைக் கரைக்கும், சாற்றைக் குடித்துவிட்டுத் தோலைத் தேய்க்கலாம். ஆப்ப சோடாவையும் எண்ணெயையும் குழைத்துத் தடவுவதில் வேலை செய்வது எண்ணெய், சோடா தேய்ப்பதற்கான பொடி மட்டும். மோசமில்லை, அதிசயமும் இல்லை.

பிளேடைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பச்சை ஸ்கிரப்பரையும் கம்பி நாரையும் பயமில்லாமல் எடுக்கிறார்கள், அது தலைகீழ். கடினத்தை அளக்கிற மோஸ் அளவில் (எண் கூடினால் கடினமும் கூடும்) கண்ணாடி ஐந்தரை வாக்கில், மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அதனால் கோடு போடுவது பெரும்பாலும் பிளேடு இல்லை, பிளேடுக்கு அடியில் மாட்டிய மணல். முதலில் கண்ணாடியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டு, புது பிளேடைப் படுத்தாற்போல் பிடித்து ஒரே திசையில் தள்ளினால் பசை சுருள் சுருளாக வரும். முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. பச்சை ஸ்கிரப்பரில் அரைக்கிற துகளே இருக்கிறது, அது ஒவ்வொரு தேய்ப்பிலும் கண்ணுக்குத் தெரியாத கோடு போடும், ராத்திரி எதிர் வண்டி லைட் அடிக்கும்போதுதான் தெரியும். பல வருஷம் வெயில் வாங்கி மொறுமொறுவென்று ஆகிவிட்ட பசைக்கு மட்டும் எண்ணெயும் ஸ்பிரிட்டும் கையைவிரிக்கும், அங்கே பிளேடுதான் ராஜா. ஷேவிங் பிளேடு வளைந்து விரலைப் பதம் பார்க்கும், ஹார்டுவேர் கடையில் கைப்பிடியோடு ஸ்கிரேப்பர் கிடைக்கும். பயமாக இருந்தால் காலாவதியான ஏடிஎம் கார்டு, இளகிய பசைக்கு அது தாராளம்.

2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் வண்டிகளில் அனுமதியில்லாமல் பிரஸ், போலீஸ் என்று ஒட்டியிருந்தவர்களைப் பிடிக்க ஆரம்பித்தபோது அவசரத்தில் கையில் கிடைத்ததை வைத்துச் சுரண்டியவர்கள் நிறையப் பேர். வெளிப்பக்க ரேடியம் ஸ்டிக்கருக்கு அவசரமே வேண்டாம்: வெயிலில் நிறுத்தி உரி, மிச்சத்துக்கு மண்ணெண்ணெய்த் துணி, பெயின்ட்டில் வழியாமல் கீழே ஒரு பழைய துண்டு. தின்னர் வேகமாக எடுக்கும், கூடவே பெயின்ட்டையும் எடுக்கும். பின்கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிய சன் ஃபிலிம் வேறு கதை. 2012-ல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டக் கூடாது என்றபோது கிழித்தவர்களில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும்: அங்கே மெல்லிய பழுப்புக் கோடுகளாக ஓடுவது பனியைப் போக்கும் ஹீட்டர் கம்பி, பிளேடு பட்டால் அறுந்து போகும். அங்கே சூடு, சோப்புத் தண்ணீர், கோடு போகிற திசையிலேயே கார்டு, இவ்வளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

2021 பிப்ரவரி நடுவிலிருந்து கட்டாயமான ஃபாஸ்டேகை, வங்கி மாற்றும்போது உரிக்க நேரும். பழையதைக் கிழியாமல் எடுத்துத் திரும்ப ஒட்டலாம் என்று மெனக்கெட வேண்டாம், உரித்தால் வீணாகிற மாதிரிதான் செய்திருக்கிறார்கள். டிரையர் சூடு, கார்டு, பிறகு சானிடைசரைத் துணியில் நனைத்துத் துடைப்பது. நேராகக் கண்ணாடியில் அடிக்காதீர்கள்.

பீரோக் கண்ணாடிப் பொட்டுக்கும் அதே விதி, இன்னும் கண்டிப்பாக. எது தெளித்தாலும் வழிந்து கீழ் விளிம்புக்குப் போகும், சட்டத்துக்குள் புகுந்து பின்பக்கப் பூச்சை அரித்தால் ஓரத்தில் கறுப்புக் கறை விழும், அதற்கு மருந்தே கிடையாது. விரலில் ஒரு துளி தேங்காய் எண்ணெய், பொட்டின் மேல் வட்டமாகத் தேய்த்துப் பத்து நிமிடம். வெல்வெட் பொட்டு எண்ணெயைக் குடித்துத் தானே வழுக்கும். அப்புறம் சோப்புத் துணியை நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடைக்க வேண்டும்.

எண்ணெய் வகை எதைப் போட்டாலும் கடைசியில் எண்ணெயையும் எடுக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாட்டிலுக்குப் பாத்திரம் விளக்கும் சோப்பு போதும், சிகைக்காய்த்தூள் இருந்தால் அதுவும் நன்றாக எண்ணெயை இழுக்கும். காரின் முன்கண்ணாடியென்றால் சோப்புக்குப் பிறகு ஸ்பிரிட்டால் ஒரு முறை துடைத்துவிடுங்கள், படலம் மிஞ்சினால் மழையில் வைப்பர் இழுத்துக் கண்ணை மறைக்கும். முடிந்ததா என்று பார்க்க மொபைல் டார்ச்சைக் கண்ணாடியின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள், நேராகப் பார்த்தால் தெரியாத பசை வட்டம் அதில் அப்படியே தெரியும்.