பம்ப்பை மாற்றுமுன் தொட்டியைத் தட்டிப் பாருங்கள்

பினாங்கு பாலிக் பூலாவில் உள்ள எங்கள் வீட்டில் கிணற்று நீரைத்தான் புழங்குகிறோம். சென்ற மாதம் ஒரு நாள், குழாயைத் திறந்தால் பம்ப் ஓடுவதும் நான்கைந்து நொடிகளில் நிற்பதும் மீண்டும் ஓடுவதுமாக இருந்ததால், புலனக் (வாட்ஸ்அப்) குழுவொன்றில் விளம்பரம் செய்திருந்த பழுதுபார்ப்பவரை அழைத்தேன். அவர் பம்ப்பின் மேல் கையை வைத்து, கொதிக்கிறது, உள்ளே சுருள் போய்விட்டது என்று கூறி, 1,450 வெள்ளிக்கு (ரிங்கிட்) புதியதைப் பொருத்தினார். நான்கே ஆண்டுகள் ஓடிய பழைய பம்ப்பை, இரும்புக்கடைக்குத்தான் ஆகும் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டார். ரசீதைப் பிறகு அனுப்புவதாகச் சொன்னார், இன்றுவரை வரவில்லை.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் அதே கூத்து.

பிறை நகரில் தொழிற்சாலைப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா வந்து, அழுத்தமானியின் முள் 20-க்கும் 40-க்கும் இடையே துள்ளுவதைச் சற்று நேரம் பார்த்தார். "வலுவில்லாத பம்ப் 40-ஐத் தொடவே திணறும். இது கண் மூடித் திறப்பதற்குள் தொடுகிறதே, பிறகு பம்ப்பை ஏன்டா மாற்றினாய்?" என்றார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பம்ப் தரும் நீரை அழுத்தத்தோடு தேக்கி வைக்கும் பிரஷர் தொட்டியின் தலையில் இருந்த காற்று வால்வின் ஊசியை அழுத்தினார். காற்றுக்குப் பதில் தண்ணீர் பீறிட்டது. தொட்டிக்குள் இருக்கும் ரப்பர்ப் பை கிழிந்திருந்தது.

அந்தப் பைக்கு வெளியே அடைபட்ட காற்றுதான் நீரைத் தள்ளிக்கொண்டிருந்து, பம்ப்புக்கு ஓய்வு தருகிறது. காற்று போய்த் தொட்டி முழுவதும் நீரானால், ஒரு குவளை நீர் எடுத்தாலே அழுத்தம் விழுந்து பம்ப் ஓடும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுப்பதால் சூடேறும். பழுதுபார்ப்பவரின் கையில் பட்ட சூடு அதுதான். வேலைக்காகக் குழாய் நீரை வடித்தபோது தொட்டிக்குள் கொஞ்சம் காற்று புகுந்ததே அந்த இரண்டு நாள் நிம்மதிக்குக் காரணம்.

புதிய தொட்டிக்கு 280 வெள்ளி ஆனது. நீரை முழுவதும் வடித்துவிட்டு, பம்ப் கிளம்பும் அழுத்தமான 20-ஐவிட 2 குறைவாக, அதாவது 18 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காற்றை அடைத்தோம், சாதாரண டயர் அளவியே இதற்குப் போதும். தொட்டியைத் தட்டினால் இப்போது மேற்பகுதி வெற்றொலி எழுப்புகிறது. முன்பு உச்சிமுதல் அடிவரை மந்தமாகவே கேட்டது. எந்தக் குழாயையும் திறக்காதபோதே உங்கள் பம்ப் கிளம்பினால், நீர் கிணற்றுக்குள் திரும்பாமல் தடுக்கும் கிணற்றடி ஃபுட் வால்வையோ குழாய்க் கசிவையோ முதலில் பாருங்கள்.

பழுதுபார்த்தவரிடம் கேட்டபோது, தொட்டியைப் பார்க்கச் சொல்லவில்லையே என்று பதில் எழுதிவிட்டு, அவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை ஏற்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுச் செய்திருக்கிறேன். ரசீது இல்லாததால் வங்கிப் பரிமாற்றப் பதிவையும் புலனச் செய்திகளையும் இணைத்தேன். பணத்தோடு, பழுதில்லாத அந்தப் பழைய பம்ப்பையும் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.