அரசு லேப்டாப்பில் இரண்டு சிஸ்டம் வேண்டுமா, ஒன்று போதுமா?

தங்கை பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப் வீட்டில் இன்னும் ஓடுகிறது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்தது. கம்ப்யூட்டரை இயக்கும் சிஸ்டமாக விண்டோஸும், லினக்ஸின் இந்திய வடிவமான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். சில வருடம் இரண்டையும் வைத்திருந்தோம். போன தீபாவளி லீவில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸின் இன்னொரு வகையான லினக்ஸ் மின்ட் மட்டும் போட்டேன். அதே முடிவைத்தான் உங்களுக்கும் சொல்வேன்.

விண்டோஸ் எல்லோருக்கும் பழக்கம், எந்தக் கடையிலும் சரிசெய்து தருவார்கள். லினக்ஸ் லேசானது, ஜெராக்ஸ் கடை பென்டிரைவில் ஒட்டி வரும் ஷார்ட்கட் வைரஸ் அதை ஒன்றும் செய்யாது. இதெல்லாம் தெரிந்த கதை. இரண்டையும் வைத்தால் இரண்டின் நன்மையும் கிடைக்கும் என்று நானும் நம்பினேன். அந்த நம்பிக்கை உடைந்தது பராமரிப்பில்தான்.

தங்கை தினமும் திறந்தது லினக்ஸ். விண்டோஸை மாதத்துக்கு ஒருமுறை, ஏதாவது ரெக்கார்ட் வேலைக்காகத் திறப்பாள். திறந்த உடனே ஒரு மாத அப்டேட் மொத்தமும் இறங்க ஆரம்பிக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும், வேர்ட் திறக்கவே ஐந்து நிமிடம். அவசரத்துக்குத் திறந்த சிஸ்டம் அவசரத்துக்கு உதவாது. அதில் விண்டோஸைக் குறை சொல்ல முடியாது. தினமும் ஓடினால் அப்டேட்டும் கொஞ்சம் கொஞ்சமாக முடிந்திருக்கும்.

அப்புறம் கடிகாரம். மெஷினுக்குள் இருக்கும் நேரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸிலிருந்து மாறி வந்தால் காலை பத்து மணிக்கு விண்டோஸ் நாலரை காட்டும். சரியாக ஐந்தரை மணி நேர வித்தியாசம். ஒருமுறை ப்ராஜெக்ட் ஃபைலை டி டிரைவில் வைத்து விண்டோஸை ஷட்டவுன் செய்திருந்தாள். லினக்ஸில் திறந்தால் படிக்க முடிந்தது, சேமிக்க முடியவில்லை. சீக்கிரம் திறப்பதற்காக விண்டோஸில் இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி ஆனில் இருந்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அதனால் லினக்ஸ் அந்த டிரைவில் எழுத மறுக்கும். இரவு பதினொரு மணிக்கு ஹாஸ்டலிலிருந்து அழுதுகொண்டே போன் செய்தாள். இருநூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து போனில் வழிசொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

கடைசியில் ஒரு சர்வீஸ் கடையில் இடம் போதவில்லை என்று ஹார்ட் டிஸ்கில் லினக்ஸ் இருந்த பகுதியை அழித்துவிட்டார்கள். எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் 'கிரப்' நிரலும் அதோடு போனது. அடுத்த நாள் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒற்றை வரி. எந்த சிஸ்டமும் திறக்கவில்லை. அதைச் சரிசெய்ய உட்கார்ந்த அன்றுதான் ஒன்று போதும் என்று முடிவெடுத்தேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டும் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. இந்தப் பழைய பிராசஸரை விண்டோஸ் 11 ஏற்காது.

பாமினி எழுத்துருவில் கேள்வித்தாள் அடிக்கும் அம்மாவுக்குத்தான் பயந்தேன். எழுத்துரு ஃபைலை லினக்ஸில் நிறுவியதும் வேர்டுக்குப் பதிலான லிப்ரே ஆபீஸில் பழைய விரல் பழக்கத்திலேயே அடிக்கிறார். பழைய வேர்ட் ஃபைல்களில் அட்டவணைகள் மட்டும் கொஞ்சம் நகர்ந்து நிற்கின்றன.

பி.காம் படித்து, விண்டோஸுக்கான கணக்கு மென்பொருளான டேலி வேண்டும் என்பவர்களுக்கு என் அனுபவம் உதவாது. தங்கை படித்தது கணிதம். அவர்கள் விண்டோஸை வைத்துக்கொள்ளட்டும். இரண்டும் வேண்டும் என்றே இருந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை முதல் நாளே ஆஃப் செய்துவிடுங்கள். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள், ஒரே ஒரு கட்டளைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் விண்டோஸைத் திறந்து, சார்ஜரைச் செருகி, அப்டேட் முடியும்வரை விட்டுவிடுங்கள்.