ஒரு இஞ்சும் 32 மில்லிமீட்டரும்: ஆறடிப் பவளத் தொட்டி அனுபவம்

கோலகங்சார் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கடல் தொட்டிக்கான டிசி பம்ப், விலை நன்றாக இறங்கியிருக்கிறது. "அண்ணே, நீங்க வச்சிருக்கிறது இதுதானே? வாங்கிடலாமா?" அதேதான். சத்தமில்லாமல் ஓடுகிறது, கரண்டு குறைவாக இழுக்கிறது, இதுவரை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. பம்பைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை. அவர் கேட்டிருக்க வேண்டியது பைப்பைப் பற்றி. அதை யாரும் கேட்பதில்லை.

தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கீழே சம்ப் (மேல் தொட்டித் தண்ணீர் பைப் வழியாக இறங்கிச் சேரும் துணைத் தொட்டி, அங்கிருந்து பம்ப் மறுபடி மேலே ஏற்றும்), அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், பக்கத்தில் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்பு) டெரஸ் வீட்டின் முன் ஹாலில் சில வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் செம்பனை, மிச்சம் மீதி ரப்பர். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் லூமுட் வரை வண்டி ஓட்ட வேண்டும். விளக்கு, உப்பு, மீன் வகை எல்லாம் நண்பருக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். சில்லர் தேவையா என்று மட்டும் சிலர் இழுப்பார்கள். தேவை. நம் ஹாலில் மதியம் 32 டிகிரி, பவளம் கேட்பது 26. காற்றில் ஈரம் இவ்வளவு இருக்கும்போது மின்விசிறி வைத்து ஆவியாக்கிக் குளிர வைப்பது அரைகுறை வேலை. 2010-ல் கடலே சூடாகிப் பவளங்கள் வெளுத்தபோது ரெடாங், தியோமான் பக்கம் சில முக்குளிப்பு இடங்களை அரசாங்கம் மூடியே வைத்தது. கடலுக்கே தாங்காதது கண்ணாடிப் பெட்டிக்குத் தாங்குமா?

இனி பைப். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு மறந்துவிடும்.

இதற்கு முன்பு வைத்திருந்த சின்னத் தொட்டியில் டர்சோ வகைக் குழாய். ஒரே குழாயில் தண்ணீரும் காற்றும் சேர்ந்து இறங்கும். ராத்திரி முழுக்க யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி இருக்கிறது என்று அம்மா புலம்பாத நாளில்லை. இந்தத் தொட்டியில் மூன்று குழாய். பீன் அனிமல் முறை என்பார்கள், இதை வடிவமைத்த அமெரிக்கத் தொட்டிக்காரர் ஒருவரின் புனைபெயர் அது. முதல் குழாய் முழு சைஃபன்: காற்றே புகாமல் தண்ணீர் மட்டும் நிரம்பி இறங்கும், அதை ஒரு கேட் வால்வு (பல சுற்றுத் திருகி மெல்ல மெல்ல மூடும் ரகம்) வைத்துக் கொஞ்சம் நெரித்திருப்போம். அதற்கு மிஞ்சுகிற சிறு ஓட்டத்தை இரண்டாவது குழாய் வாங்கிக்கொள்ளும். மூன்றாவது சும்மா நிற்கும், முதல் குழாயில் ஏதாவது நத்தை போய் அடைத்துக்கொண்டால் ஆபத்துக்கு உதவ. வால்வைச் சரியாக வைத்துவிட்டால் சத்தம் என்று ஒன்று கிடையவே கிடையாது. அம்மா இப்போது தொட்டிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறார்.

நான் எதிர்பார்க்காத இன்னொரு சந்தோஷம் கரண்டு போய் வரும்போது. நம் ஊர் சாயங்கால இடி மழை தெரியும்தானே. இடி விழுந்தால் ஈஎல்சிபி, அதாவது மின்கசிவு வந்தால் வீட்டுக் கரண்டை அறுக்கும் சுவிட்ச், தட்டிவிடும். பம்ப் நின்றதும் மேல் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் சம்ப்புக்கு இறங்கும். இந்த அளவுத் தொட்டியில் ஒரு செண்டிமீட்டர் என்பது கிட்டத்தட்ட 11 லிட்டர், ஆக மூன்று செண்டிமீட்டர் இறங்கினாலே 30 லிட்டருக்கு மேல். அதற்குச் சம்ப்பில் எப்போதும் இடம் விட்டு வைக்க வேண்டும். அதை விடுங்கள், அழகு என்னவென்றால் சுவிட்சைத் தூக்கிவிட்டதும் சைஃபன் தானாகவே பிடித்துக்கொள்கிறது. முதலில் இரண்டாவது குழாய் கத்தும், முதல் குழாயிலிருக்கும் காற்றெல்லாம் சம்ப்பில் குபுகுபுவென்று வெளியேறும், அப்புறம் அமைதி. சைஃபன் குழாயின் நுனி சம்ப் தண்ணீருக்குள் இரண்டு மூன்று செண்டிமீட்டர் மட்டும் மூழ்கியிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. ஆழமாக இறக்கினால் காற்று வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்ளும். நாங்கள் தீபாவளிக்கு ஜொகூர் போயிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா சுவிட்சைத் தூக்கிவிட்டதோடு சரி, வேறு எதையும் தொடவில்லை. ஒரு மீன்கூடச் சாகவில்லை.

சரி, இப்போது வயிற்றெரிச்சல்.

ஊர் ஹார்ட்வேர் கடையில் "ஒரு இஞ்ச்" பிவிசி பைப் வாங்கினால் அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 33.5 மில்லிமீட்டர். வெள்ளைக்காரன் காலத்து அளவு முறை, வீட்டுத் தண்ணீர்க் குழாயெல்லாம் இதுதான். தொட்டியில் துளை போட்டு மாட்டி வரும் பல்க்ஹெட் (பைப் கண்ணாடியைத் தாண்டும் இணைப்பு), இணையத்தில் வாங்கும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), கேட் வால்வு எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. 32 என்று போட்டிருக்கும், பக்கத்திலேயே தைரியமாக "1 இஞ்ச்" என்றும் போட்டிருக்கும். 33.5 எப்படி ஐயா 32-க்குள் போகும்? போகாது. போகாதது ஒரு விதத்தில் புண்ணியம். ஒன்றரை இஞ்சில்தான் மோசம். கடை பைப் 48 சொச்சம், மில்லிமீட்டர் சாமான் 50. உள்ளே சுகமாகப் போகும், போய் லொடலொடவென்று ஆடும். பசை நிறையத் தடவினால் சரியாகிவிடும் என்று தோன்றும். பிவிசி பசை ஓட்டை அடைக்கிற சாமான் இல்லை. இரண்டு பக்கத்தையும் இளக்கி ஒன்றோடொன்று உருக்கிச் சேர்ப்பதுதான் அதன் வேலை. நடுவில் இடைவெளி இருந்தால் எதை எதோடு சேர்க்கும்? இது போதாதென்று ஜப்பான் அளவு என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதன் "ஒரு இஞ்ச்" சரியாக 32, அதனால் உட்காரும். அதன் "ஒன்றரை" 48, அதனால் ஆடும். கடைக்காரத் தவுக்கேயிடம் இதை விளக்கினேன். பைப்பையும் யூனியனையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "சாமா சாஜா" என்றார், மலாயில் "எல்லாம் ஒன்றுதான்".

நியாயமாகப் பார்த்தால் யார் மேலும் தப்பில்லை. இஞ்ச் என்பது பைப்பின் உள்ளளவை ஒட்டிய பெயர், மில்லிமீட்டர் வெளியளவு. தவுக்கேயின் பைப் தவுக்கேயின் எல்போவில் (வளைவுத் துண்டில்) கச்சிதமாக உட்காரும். ஆனால் நியாயமாகப் பார்க்கும் மனநிலையில் நான் இல்லை.

எல்லாவற்றையும் இஞ்சிலேயே முடித்தால் என்ன என்பீர்கள். கேட் வால்வு விடாது. கடையில் இருப்பது பித்தளை. பித்தளையில் செம்பு இருக்கிறது, செம்பு உப்புத் தண்ணீரில் கரைந்தால் இறால், நத்தை, பவளம் எல்லாம் காலி. பிளாஸ்டிக்கில் பந்து வால்வு கிடைக்கும். அது கால் சுற்றில் திறந்து மூடுகிற ரகம், சைஃபனுக்குத் தேவையான மயிரிழைத் திருகலுக்கு ஆகாது. பிவிசி கேட் வால்வு வேண்டுமென்றால் தபாலில்தான், அதுவும் மில்லிமீட்டரில்தான். அப்படியானால் எல்லாமே மில்லிமீட்டரில்? ஞாயிற்றுக்கிழமை ஓர் எல்போ உடைந்தால் ஊரில் ஒன்று கிடைக்காது, பார்சல் வரும்வரை தொட்டி காத்திருக்குமா?

ஆக இரண்டுக்கும் நடுவே பாலம் போட வேண்டும். பசை இல்லாமல் திருகிச் சேர்க்கும் ஒரு இஞ்ச் மரை இரண்டு உலகத்துக்கும் பொது. இந்தப் பக்கம் 32, அந்தப் பக்கம் இஞ்ச், நடுவில் மரை. வெள்ளை டேப் சுற்றிக் கையால் இறுக்கி, அப்புறம் ஸ்பேனரில் கொஞ்சம். கூட இறுக்கினால் வெளியே சுற்றியிருக்கும் துண்டு விரிசல் விடும்.

அந்த மரையில்தான் உப்புப் பூக்கிறது. சொட்டினால்கூடப் பரவாயில்லை, எங்கே என்று தெரியும். இது சொட்டாது. கண்ணுக்குத் தெரியாமல் கசிந்து, காய்ந்து, வெள்ளையாகப் படரும். லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு உள்ள தண்ணீர், வேறு என்ன செய்யும்? ஈரத்துணியால் துடைப்பேன், மறுபடியும் பூக்கும். டேப்பை மாற்றினேன், பசை போட்டேன். ஓரிடத்தில் நின்றால் அடுத்த மரையில் ஆரம்பிக்கும். வால்வுக்கு மேலே இருக்கும் மரை உப்புப் பூக்கும், கீழே இருக்கும் மரை கசிவதற்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சி, சம்ப்பில் பொடிக் குமிழியாகக் கக்கும். மூன்று முள் பிளக் எல்லாவற்றையும் எதிர்ச் சுவரில் உயரத்துக்கு மாற்றிவிட்டேன், வயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றி. உப்பும் கரண்டும் ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது. இப்போது சைஃபன் லைனை அறுத்து, மூன்று மரை இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று வைத்துக் கட்டியிருக்கிறேன். இதுவரை காய்ந்துதான் இருக்கிறது. நம்பவில்லை.

1960களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிர்ப் பாறையையும் (கடலிலிருந்து உயிரினங்களோடு எடுத்த பாறை) காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துப் பவளத் தொட்டி நடத்திக் காட்டினார். நம்மைப் போன்ற அதே வெயில் ஊர். சம்ப் இல்லை, பல்க்ஹெட் இல்லை. துணியைப் பிழியும்போதெல்லாம் அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே தம்பி, ஆறடியெல்லாம் வேண்டாம். பைப்பெல்லாம் பெட்டிக்குள்ளேயே அளவெடுத்து வரும் நாலடி செட் வாங்கிப் போடுங்கள். சத்தமில்லை, பவளம் நன்றாக வளர்கிறது, அம்மா தூங்குகிறார், எல்லாம் உண்மைதான், ஆனாலும் வேண்டாம். பம்பை வேண்டுமானால் வாங்கி வையுங்கள், அந்த விலை திரும்ப வராது. கேட் வால்வுக்கு ஆர்டர் போடுவதாக இருந்தால் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்கும் ஒன்று வேண்டும், 32.