ஜீப்ரா நெரைட் நத்தை: பாசிக்கு நல்லது, ஆனால் பார்த்து வாங்குங்கள்

மீன்தொட்டிக் கண்ணாடியில் ஒட்டும் பச்சைப் புள்ளிப் பாசியைத் தின்பதில் நெரைட்டை மிஞ்ச வேறு நத்தை இல்லை. விட்ட மறுநாள் கண்ணாடியைப் பக்கவாட்டில் பாருங்கள். பாசிப் படலத்தின் மேல் தையல் போட்டதுபோல் வளைந்து வளைந்து ஒரு தடம் ஓடும். நுண்பற்கள் கொண்ட நாக்கால் அது உரசித் தின்ற இடம் அது. பழுப்புப் பாசியும் போய்விடும். கறுப்புத் தாடிப் பாசிக்கு மட்டும் இதை நம்பி வாங்க வேண்டாம்.

கடையில் ‘நன்னீர் நத்தை’ என்றுதான் விற்கிறார்கள். அது பாதிதான் சரி. வளர்ந்த நத்தை நன்னீரில் பிழைக்கும், முட்டையும் இடும். ஆனால் முட்டையிலிருந்து வரும் லார்வா உப்புநீரில்தான் வளரும்; ஆற்றில் பொரித்தால் நீரோட்டத்தோடு கழிமுகத்துக்கோ கடலுக்கோ போய்ச் சேர வேண்டும். அதனால் தொட்டியில் குட்டிகள் பெருகித் தொல்லை தராது. மரக்கட்டையில் எள் அளவு வெள்ளை முட்டைகள் காரைபோல் ஒட்டிக்கொள்வதுதான் குறை. பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஆண், பெண் தனித்தனி என்றாலும் வெளித்தோற்றத்தில் பிரிக்க முடியாததால், ஆணாகப் பார்த்து வாங்கவும் வழியில்லை.

விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் இயற்கையில் பிடித்தவை, பயணத்தில் களைத்திருக்கும். கண்ணாடியில் ஒட்டி நகர்வதையே கேளுங்கள். ஓட்டின் வாயை அடைக்கும் மூடி திறந்து தொங்கினாலோ நாற்றம் அடித்தாலோ வேண்டாம். வீட்டில் காற்றுக்குழாயில் நீர் சொட்டுச் சொட்டாக வரும்படி முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு சொட்டு வீதம் ஒரு மணி நேரம், நத்தை வந்த நீரோடு தொட்டி நீரைக் கலந்த பிறகு விடுங்கள். மல்லாந்து விழுந்தால் பல நேரம் தானாக நிமிராது, கையால் திருப்பி வையுங்கள்.

இந்த நத்தைக்குக் கடின நீர் வேண்டும்: பிஎச் 7.5 முதல் 8.5, வெப்பம் 22 முதல் 28 டிகிரி. உப்புச் சுவையுள்ள போர் தண்ணீரைப் பலர் குறையாக நினைக்கிறார்கள். இதற்கு அது வரம். ஆர்ஓ நீர் மட்டும் ஊற்றினால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, ஓட்டின் நுனி வெளுத்துக் குழி விழும். அரித்த இடம் மறுபடி வளராது. நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையில் (கணவாயின் ஓடு) ஒரு துண்டை ஃபில்டரில் போட்டு வைத்தால் புதிதாக வளரும் ஓடாவது திடமாக வரும்.

20 லிட்டருக்கு ஒன்று போதும். புதுத் தொட்டியில் உடனே விட்டால் பாசியில்லாமல் பட்டினி கிடக்கும். குறைந்தது 6 வாரம் பொறுங்கள். பாசி தீர்ந்தால் வேகவைத்த வெள்ளரித் துண்டு போடலாம், சில நத்தைகள் தொடாது. தாமிரம் கலந்த மீன் மருந்து ஊற்றினால் மீன் பிழைக்கும், நத்தை சாகும். நத்தையைத் தின்னும் பஃபர் மீனோடும் லோச் மீனோடும் சேர்க்கக் கூடாது.

மூடி இல்லாத தொட்டிக்கு இதை வாங்கவே வேண்டாம். அலை ஏறி இறங்கும் கரையில் நீரைவிட்டு வெளியே வந்து பழகிய இனம். இரவில் ஏறி வந்து தரையில் காய்ந்து கிடக்கும்.