ஏதென்ஸில் எங்கே உண்பது: தவேர்னா, ஊஸேரி, மீன் தவேர்னா, சுவ்லாக்கிக் கடை

ஏதென்ஸ் நகரில் இரண்டு மூன்று நாள்கள் மட்டுமே தங்குகிறவர்கள் பெரும்பாலும் அக்ரோபொலிஸ் தெரியும் மொட்டைமாடி உணவகம் ஒன்றில் இரவுக்கு இடம் பிடித்து, முசாக்காவும் சாலடும் உண்டுவிட்டு, கிரேக்க உணவு இவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்நாட்டு மக்கள் வெளியே உண்ணச் செல்லும் இடங்கள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. எளிய வீட்டுச் சமையல் உணவகமான தவேர்னா, ஊஸோ என்ற மதுவுடன் சிறு தட்டுகள் தரும் ஊஸேரி, மீன் தவேர்னா, சுட்ட இறைச்சியை ரொட்டியில் சுருட்டித் தரும் சுவ்லாக்கிக் கடை ஆகிய நான்கும் சமைக்கும் முறை, உண்ணும் நேரம், உடன் அருந்தும் பானம், விலை கணக்கிடும் விதம் ஆகிய எல்லாவற்றிலும் வேறுபடுகின்றன. எந்த நேரத்தில், யாருடன் உண்கிறோம் என்பதைப் பார்த்தே இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; ஒரே ஒரு வேளைதான் கையில் இருக்கிறது என்றால், அதை மதிய நேரத்துத் தவேர்னாவுக்கே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்குக் காரணம் அங்குள்ள சமையல் முறை. தவேர்னாவின் உயிர்நாடியான உணவுகளை மாகிரெஃப்தா என்கிறார்கள். இவை காலையிலேயே பெரிய தட்டங்களிலும் பாத்திரங்களிலும் சமைத்து முடிக்கப்படுபவை. கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கிய முசாக்கா, தடித்த குழல் பாஸ்தாவில் செய்யும் பஸ்தீத்சியோ, தக்காளியையும் குடைமிளகாயையும் குடைந்து அரிசி அடைத்து வேகவைக்கும் யெமிஸ்தா, பச்சை பீன்ஸைத் தக்காளியுடனும் தாராளமான ஆலிவ் எண்ணெயுடனும் குழைய வேகவிட்ட ஃபசோலாக்கியா எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. பிற்பகல் ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் அவை நல்ல பக்குவத்தில் இருக்கும். எண்ணெயில் வெந்த காய்கறி உணவுகளை அங்கே ஆவி பறக்கப் பரிமாறுவதில்லை; சற்று ஆறிய பிறகுதான் எண்ணெயும் காயின் சாறும் சேர்ந்து சுவை கூடும் என்பது அவர்கள் முறை. சூடாக உண்டே பழகிய நமக்கு முதல் வாயில் இது பழைய சோற்றை எடுத்து வைத்ததுபோல் தோன்றலாம், ஆனால் இரண்டாவது வாயிலேயே அந்த எண்ணம் மாறிவிடும். அதே முசாக்காவை இரவு பத்து மணிக்குக் கேட்டால், காலையில் செய்ததை மறுபடி சூடாக்கித் தருவதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவே இரவில் தவேர்னாவுக்குச் செல்பவர்கள் தட்டத்து உணவுகளை விட்டுவிட்டு, கரி அடுப்பில் அப்போதே சுடப்படும் ஆட்டு விலாத்துண்டுகளைக் கேட்பது நல்லது.

முசாக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் மேல் அடையாகப் படியும் வெள்ளைப் பாலேடு போன்ற பெஷமெல் பழங்காலத்திலிருந்து வந்தது அல்ல. சிஃப்னோஸ் தீவைப் பூர்விகமாகக் கொண்டவரும் வியன்னாவில் தொழில் கற்றவருமான நிக்கோலாஸ் செலமென்டேஸ் என்ற சமையற்கலைஞர், 1920களில் பிரெஞ்சுப் பாணியில் சேர்த்துப் பரப்பியது அது. ஒரு நாட்டின் அடையாளமாக உலகம் கருதும் உணவு ஏறக்குறைய நூறு ஆண்டு வயதே உடையது என்பதால் அதன் சுவை குறைந்துவிடாது. ஆனால் தொன்மையைத் தேடிச் செல்பவர்கள் முசாக்காவைவிட, கொண்டைக்கடலையை மெல்லிய தீயில் வேகவைத்து எலுமிச்சை பிழிந்து தரும் எளிய கிண்ணத்தில்தான் அதைக் காண்பார்கள். ஏதென்ஸ் மத்தியச் சந்தைக்கு அருகில், பெயர்ப்பலகையும் உணவுப்பட்டியலும் இல்லாமல் ஒரு நிலவறையில் இயங்கும் திப்போர்த்தோ என்ற பழைய தவேர்னா அந்தக் கொண்டைக்கடலைக்குப் பெயர் பெற்றது. சுவரோரம் பெரிய மதுப் பீப்பாய்கள் நிற்க, அன்று அடுப்பில் இருப்பதையே அங்கே தருகிறார்கள். இத்தகைய இடங்களில் வீட்டு மதுவைக் குப்பிக் கணக்கில் கேட்பதில்லை. அரைக் கிலோ, ஒரு கிலோ என்று எடைக் கணக்கில் கேட்டால் உலோகக் கூசாவில் வரும்.

சைவ உணவினருக்கும் இந்த நான்கில் முதலிடம் தவேர்னாவுக்கே. கிரேக்கத் திருச்சபையின் மரபுப்படி ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள்கள் நோன்பு நாள்கள். அந்நாள்களில் இறைச்சியும் பாலும் முட்டையும் விலக்கப்படுவதால், எண்ணெயில் சமைத்த காய்கறி உணவுகளின் பெரும் வரிசை ஒன்று அங்கே இயல்பாகவே வளர்ந்திருக்கிறது. பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியில் சுட்டெடுக்கும் யீகான்தேஸ், கீரைகளை வேகவைத்து எலுமிச்சையும் எண்ணெயும் விடும் ஹோர்த்தா, சாந்தோரினித் தீவின் மஞ்சள் பயற்றைக் கடைந்து மேலே பச்சை வெங்காயம் தூவிய ஃபாவா ஆகியவை எந்நாளும் கிடைக்கும். ஃபாவாவை நம் வீட்டுப் பருப்பு மசியலுக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். யெமிஸ்தாவில் மட்டும் சில வீடுகளில் கொத்துக்கறி சேர்ப்பதுண்டு என்பதால் கேட்டுக்கொள்ள வேண்டும். நோன்பு உணவு என்று பொருள்படும் ‘நிஸ்தீசிமோ’ என்ற சொல்லைப் பரிமாறுபவரிடம் சொன்னால் அவர் உடனே புரிந்துகொள்வார். ஆனால் கணவாயும் சிப்பியும் இறாலும் அந்த நோன்பில் அனுமதிக்கப்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது.

மாலை நேரத்துக்கும் நான்கைந்து பேர் கொண்ட கூட்டத்துக்கும் ஊஸேரியே தவேர்னாவை வெல்லும். இங்கே பெருஞ்சீரக இனத்து மணமுடைய ஊஸோ மையத்தில் இருக்கிறது, உணவு அதற்குத் துணை. குறைந்தது 37.5 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட அந்தத் தெளிந்த மது, தண்ணீர் விட்டதும் வெண்மையாகக் கலங்கும். அதிலுள்ள சோம்பு எண்ணெய் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது என்பதே காரணம். வெறும் வயிற்றில் குடிப்பதை அங்கே யாரும் விரும்புவதில்லை என்பதால் மெஸே எனப்படும் சிறு தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும்: சுட்ட பேய்க்கணவாய், உப்பிட்ட மத்தி, வாணலியில் பொரித்த பாலாடைக்கட்டி, காரமான சீஸ் மசியல். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வரவழைப்பது இங்கே பிழையான முறை. இரண்டு மூன்று தட்டுகளைக் கேட்டு, அவை தீரத் தீர அடுத்தவற்றைக் கேட்க வேண்டும்.

இந்தப் பழக்கம் வேரூன்றியதில் அகதிகளின் பங்கு பெரிது. துருக்கியுடனான போரில் கிரேக்கம் தோற்ற 1922ஆம் ஆண்டுப் பேரழிவுக்குப் பிறகும், 1923ஆம் ஆண்டு லோசான் உடன்படிக்கைப்படி இரு நாடுகளுக்கிடையே நடந்த மக்கள் பரிமாற்றத்திலும், இன்றைய துருக்கியில் அடங்கும் சின்ன ஆசியாவிலிருந்து ஏறத்தாழ 12 லட்சம் பேர் கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்குள்ள ஸ்மிர்னா (இன்றைய இஸ்மீர்) நகரத்தவர் கொண்டுவந்த சீரகம் மணக்கும் கொத்துக்கறி உருண்டைகள் இன்றும் அந்நகரின் பெயரால் வழங்குகின்றன. துறைமுக நகரான வோலோஸில் ஊஸோவுக்குப் பதில் ட்சீப்புரோ என்ற வடிமது முதன்மை பெறுகிறது. அங்கே தட்டுகளைத் தனியே கேட்பதில்லை. ஒவ்வொரு சிறு குப்பிக்கும் ஒரு தட்டு தானாகவே வரும், அடுத்த குப்பிக்கு இன்னும் மேலான தட்டு வரும். மது அருந்தாதவர்களும் ஊஸேரியில் தயக்கமின்றி அமரலாம். ஆனால் குடும்பத்தின் சிறு பிள்ளைகளுக்குத் தவேர்னாவின் தட்டத்து உணவே பொருந்தும்.

மீன் தவேர்னாவைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம் உண்டு. உணவில் குறையில்லை, விலையில்தான் கவனம் வேண்டும். பெரிய மீன்களின் விலை பட்டியலில் கிலோவுக்கு எழுதப்பட்டிருக்கும். நம் நவரை மீனின் குடும்பத்தைச் சேர்ந்த பார்பூனி போன்றவை கிலோ 50 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். பனிக்கட்டிமேல் அடுக்கியிருக்கும் மீனை நாமே தேர்ந்தெடுத்து, நம் கண்முன் நிறுக்கச் சொல்லி, தொகையைக் கேட்டுக்கொண்ட பிறகே அடுப்புக்கு அனுப்ப வேண்டும். இவ்வாறு கேட்பதை அங்கே யாரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை. உறைய வைத்த மீனையும் கணவாயையும் பட்டியலில் குறியிட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி என்பதால் நட்சத்திரக் குறிகளைக் கவனிப்பது நல்லது. ட்சிப்பூரா (கடல் பிரீம்), லவ்ராக்கி (கடல் பாஸ்) ஆகிய இரண்டு மீன்களும் மலிவாகக் கிடைத்தால் அவை பெரும்பாலும் வளர்ப்பு மீன்கள். கிரேக்கம் அவற்றை வளர்த்து ஏற்றுமதி செய்வதில் முன்னணி நாடு. சிறு மீன்களுக்கு இந்தச் சிக்கல் எதுவுமில்லை. நெத்திலியும் மத்தியும் தட்டு விலையிலேயே கிடைக்கும், கோடையில் கொழுப்பேறிச் சுவை மிகும். பெரிய மீனுக்காகப் பணம் செலவழிக்க நினைப்பவர்கள் நகர நடுவில் அதைச் செய்யாமல், ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் உள்ள மிக்ரோலிமானோ பக்கமோ தீவுகளுக்கோ செல்லும்வரை காத்திருக்கலாம்.

சுவ்லாக்கிக் கடையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அதை இழிவாக நினைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. பன்றி அல்லது கோழி இறைச்சியைக் கம்பியில் சுட்டோ சுழலும் குத்துக்கம்பியிலிருந்து சீவியோ, தக்காளி, வெங்காயம், தயிரும் வெள்ளரியும் பூண்டும் கலந்த த்சாத்சீக்கி, உருளைக்கிழங்கு வறுவல் ஆகியவற்றுடன் ரொட்டியில் சுருட்டித் தருகிறார்கள். மொனாஸ்திராக்கி சதுக்கத்தை ஒட்டிய கடைகளில் நள்ளிரவிலும் கிடைக்கும், ஐந்து யூரோவை ஒட்டிய தொகையில் ஒருவர் பசியாறிவிடலாம். சைவ உணவினருக்கு மட்டும் இங்கே தேர்வுகள் மிகக் குறைவு.

அமர்ந்து உண்ணும் இடங்களில் ரொட்டிக்கு ஆளுக்கு ஒரு சிறு தொகை சேர்ப்பது வழக்கம்; வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சட்டப்படியான ரசீது தரப்படாவிட்டால் வாடிக்கையாளர் பணம் செலுத்தக் கடமைப்பட்டவர் அல்லர் என்ற அறிவிப்பு உணவுப்பட்டியல்களில் அச்சிடப்பட்டிருக்கும். நல்ல தவேர்னாவில் உணவு முடிந்ததும் பழமோ இனிப்போ கேட்காமலே வரும். அதற்கு விலை இல்லை, மறுப்பதும் முறையில்லை. இரவு ஒன்பது மணிக்கு முன் சென்றால் வெளிநாட்டவர் மட்டுமே அமர்ந்திருப்பார்கள். ஆகஸ்ட் 15ஆம் நாள் வரும் மாதா திருவிழாவையொட்டி ஏதென்ஸ் மக்கள் ஊர்களுக்கும் தீவுகளுக்கும் கிளம்பிவிடுவதால், அக்கம்பக்கத்துத் தவேர்னாக்கள் பல அந்த வாரங்களில் பூட்டியிருக்கும். அப்போது செல்பவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.