பல கோப்புகளில் ஒரே திருத்தம்: செட் கட்டளை எப்படி?

தமிழ் மின்னூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. நாவல் என்றால் அத்தியாயத்துக்கு ஒரு கோப்பாக வரும். கடைசி நேரத்தில் ஒரு பாத்திரத்தின் பெயர் மாறினால், எல்லாவற்றையும் திறந்து உட்கார மாட்டேன். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், செட் போடுவேன். கோப்பில் ஓர் எழுத்து வரிசையைத் தேடி வேறொன்றாக மாற்றித் தரும் கட்டளை அது. அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் லீ மெக்மாஹன் 1970-களில் எழுதிய கருவி. லினக்ஸ், மேக் இரண்டிலும் தயாராகவே இருக்கிறது, எதையும் நிறுவ வேண்டாம்.

எஸ், சாய்கோடு, பழையது, சாய்கோடு, புதியது, சாய்கோடு, ஜி. அவ்வளவுதான் கட்டளை. ஜி விட்டுப்போனால் ஒவ்வொரு வரியிலும் முதலில் வருவது மட்டும் மாறும்.

சொல் என்றால் என்ன என்று செட்டுக்குத் தெரியாது, எழுத்து வரிசைதான் தெரியும். ‘மணி’யை ‘வேலு’ ஆக்கச் சொன்னால் கண்மணியும் கண்வேலு ஆகிவிடுவாள். அதனால் முதலில் தேடிக் காட்டும் கட்டளையான கிரெப் போட்டு, எந்தெந்த வரிகள் சிக்குகின்றன என்று கண்ணால் பார்த்துவிடுவேன். அடுத்தது வேற்றுமை உருபு. ‘மணியை’ என்பது ‘வேலுயை’ ஆகிவிடக் கூடாதே! இங்கே யூனிகோடு கைகொடுக்கிறது. ‘யை’, ‘யி’, ‘யு’ எல்லாமே உள்ளே ‘ய’வும் அதன்பின் ஓர் உயிர்க்குறியும்தான். ஆகவே முதலில் ‘மணிய’ என்பதை ‘வேலுவ’ என்று மாற்றினால் வேலுவை, வேலுவின், வேலுவிடம், வேலுவும் எல்லாம் ஒரே வீச்சில் சரியாக வந்துவிடும். ‘மணிக்கு’ மட்டும் தனியாக ‘வேலுவுக்கு’. அப்புறம்தான் வெறும் ‘மணி’. இந்த வரிசை முக்கியம். இதை ஓடவிட்டுப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கும்.

அதே யூனிகோடு காலை வாரியும் விடும். ‘கொ’வில் ‘க’வுக்குப் பின் வரும் கொம்பும் காலும் சில கோப்புகளில் சேர்ந்து ஒரே குறியாக இருக்கும், சிலவற்றில் தனித்தனிக் குறிகள். திரையில் வித்தியாசமே தெரியாது, செட் மட்டும் கண்டுகொள்ளாமல் போய்விடும். இரண்டு வடிவத்துக்கும் தனித்தனிக் கட்டளை வேண்டும்.

திரையில் காட்டுவதோடு நிற்காமல் கோப்பிலேயே மாற்ற, கட்டளையில் ஹைஃபன் ஐ சேர்க்க வேண்டும். மேக்கில் இதற்குப் பின் காப்பு நகலின் பின்னொட்டைக் கட்டாயம் கேட்கும், லினக்ஸில் கேட்காது. ஐ-யை ஒட்டியே ‘புள்ளி பேக்’ என்று எழுதினால் இரண்டிலும் ஓடும். பழைய கோப்பும் பத்திரமாக இருக்கும். அது இல்லாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

செட் வரிவரியாகப் படிப்பதால், இரண்டு வரிகளில் உடைந்து கிடக்கும் தொடர்கள் சாதாரணமாகச் சிக்காது. அதற்கு நான் பெர்ல் என்ற நிரல்மொழிக்குப் போய்விடுவேன்.